படகுக்காரன் ஓங்கிய கை

பன்னிரண்டு நாற்பதுக்குப் பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள், ரெண்டரைக்கு எழுவாள், அதுவரை எழுதலாம், எழுதிக்கொண்டிருக்கிற கை வேறு எதையும் செய்யாது என்கிற ஒரே தைரியம்தான், இல்லாவிட்டால் எனக்கு எழுத்தும் கிழுத்தும் எங்கே வரும், கான்வென்ட்டில் பிளஸ் ஒன் படிக்கும்போது எழுதின விலங்கியல் ரெக்கார்டு நோட்டு இது, ஒரு பக்கம் நான் வரைந்த தவளைக் குடல், மறுபக்கம் ஒன்றும் எழுதாத கோடு, அந்தக் கோட்டில் எழுதுகிறேன், என் மகள் ஜோவிட்டாவுக்கு இன்றோடு ஐம்பத்து மூன்று நாள். தொட்டில் அறையின் அந்தக் கோடியில் தொங்குகிறது, நான் இந்தக் கோடியில் சுவரோடு சாய்ந்திருக்கிறேன், நடுவில் நைலான் கயிறு, தொட்டிலில் ஒரு நுனி, என் கால் கட்டைவிரலில் ஒரு நுனி, விரலை அசைத்தால் தொட்டில் ஆடும், பக்கத்தில் போகவேண்டாம். இவர் முதல் நாள் பார்த்துவிட்டு, என்னட்டி இது, மாதா கோயில் தேர் வடம் மாதிரி இழுக்குத என்று சிரித்தார், நானும் சிரித்தேன். இவர் கட்டிலில் குறட்டை விடுகிறார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், காலை ஷிப்டு இல்லை நாளைக்கு. நாளைக்கு. நாளை காலை பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தங்கபுஷ்பம் அக்கா வரமாட்டாள், மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று சாத்தான்குளத்துக்குப் போய்விட்டாள், போகும்போது என் தாடையைப் பிடித்து, எம்மா, எத்தன நாளைக்கு நானே ஊத்துவேன், ஒம் பிள்ளைய நீதான ஊத்தணும், கால நீட்டி உக்காந்தா தானா வந்துரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா நாற்பத்தொன்றாம் நாளே என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கு மஸ்கட் போயாயிற்று. ஆக நாளைக் காலை ஆறரைக்கு நான்தான், என் இரண்டு கால், கால்மேல் பிள்ளை, பக்கத்தில் வெந்நீர் அண்டா, என் கையில் செம்பு. எழுதிவிடுகிறேன், இதுவரை எங்கும் சொல்லாததை எழுதிவிடுகிறேன், தவளைக் குடலுக்கு எதிர்ப்பக்கம் தானே. பத்தொன்பதாம் நாள், அக்கா பிள்ளையைக் காலில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள், நான் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன், பச்சைத்தண்ணீர் விட்டு இன்னும் விளாவாத வெந்நீர், ஆவி முகத்தில் அடிக்கிறது, அப்போது யாரோ சொன்னமாதிரி, யாரும் சொல்லவில்லை, என் குரல்தான், இதை அப்படியே அவள்மேல் ஊற்றினால் என்ன. அவ்வளவுதான். செம்பைக் கீழே வைத்துவிட்டு, தலை சுற்றுது அக்கா என்று உள்ளே வந்து படுத்துக்கொண்டேன். அதிலிருந்து தினமும் வருகிறது, மாடியில் துணி காயப்போடும்போது வருகிறது, வெங்காயம் அரியும்போது வருகிறது, பிள்ளை சிரிக்கிறபோது ரொம்ப வருகிறது.

இன்றைக்கு மத்தியானம் அந்தப் படம் பார்த்தோம், அதைப்பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கேயோ போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் டிவியில் போடுகிற தமிழ் பேசுகிற சீனப்படம், இவருக்கு அது பூசை மாதிரி, மீன்குழம்பும் சோறும் தின்றுவிட்டுப் பிள்ளையை வயிற்றில் குப்புறப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். படத்தின் பெயர் மரண அடி மன்னாரு. சீனத்தில் என்ன அழகான பெயரோ, யாருக்குத் தெரியும். கதாநாயகன் ஒரு படகுக்காரன், ஆற்றைக் கடத்திவிடுகிறவன், நரைத்துப்போன மீசை, இரண்டு கையிலும் முழங்கை வரை அழுக்குத்துணி சுற்றியிருக்கிறான், புண் என்று ஊர் நினைக்கிறது. புண் இல்லை. அந்தக் கையால் ஒருகாலத்தில் ஒரே இரவில் ஏழு பேரைக் கொன்றிருக்கிறான், விரலை நீட்டித் தொண்டையில் ஒரு தட்டு, அவ்வளவுதான், அதற்குப் பிறகு கையைத் துணியில் சுற்றிக்கொண்டு இந்த ஆற்றங்கரைக்கு வந்துவிட்டான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே அரையும் குறையுமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், அந்தத் துணி சுற்றிய கையைப் பார்த்ததும் ஈரக்கையோடு வந்து கதவில் சாய்ந்து நின்றேன். ஏனென்றால் எனக்கு அது தெரியும், கையைக் கட்டிவைக்கவேண்டும் என்கிற ஆசை, அது எனக்குத் தெரியும். கொள்ளைக்காரர்கள் ஊருக்குள் வருகிறார்கள், அவர்கள் தலைவன், பல்லு பாஸ்கர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் பாவிகள், படகுக்காரனை எல்லாருக்கும் முன்னால் வைத்துக் கன்னத்தில் ஒன்று விடுகிறான். படகுக்காரன் கழுத்தைத் திருப்பி மற்றக் கன்னத்தைக் காட்டுகிறான். சும்மா திருப்பவில்லை, அந்தத் திருப்பலில் அவசரமே இல்லை, கோயிலில் நன்மை அப்பம் வாங்கிவிட்டுத் திரும்புகிற வயசானவர்கள் திரும்புவார்களே அப்படி, திருப்பிவிட்டு, இந்தப் பக்கம் இன்னா பாவம் பண்ணுச்சு வாத்யாரே, இதையும் கவனி என்கிறான். இவர் விழுந்து விழுந்து சிரித்தார், பிள்ளை வயிற்றில் குலுங்கியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கழுத்துக்குப் பின்னால் சில்லென்றும் ஆனது. மறு கன்னம் என்றால் கோழைத்தனம் என்றுதான் இத்தனை வருஷம் மனசுக்குள் நினைத்திருக்கிறேன், பிரசங்கத்தில் கேட்கும்போது தலையாட்டிவிட்டு, ஆமா, அடிவாங்குறவனுக்குத்தானே தெரியும் என்று நினைத்திருக்கிறேன். ஒரு தட்டில் கொல்லத் தெரிந்தவன் கன்னத்தைத் திருப்பும்போது அல்லவா அது என்னவென்று விளங்குகிறது. பிலாத்து முன்னால் வாயைத் திறக்காமல் நின்றாரே ஆண்டவர், அவரால் முடியாமலா நின்றார். இருபத்தாறு வயசுக்கு இதை எனக்கு ஒரு சாமியாரும் சொல்லவில்லை, மன்னாரு சொன்னான்.

பிறகு ஒரு இடம், காலில் அம்பு தைத்த கொள்ளைக்காரன் ஒருவனைப் படகில் ஏற்றிக்கொண்டு, நடு ஆற்றில் துடுப்பை வைத்துவிட்டு, அவன் காலை மடியில் எடுத்து வைத்துக் கழுவுகிறான் படகுக்காரன், இடுப்புத்துண்டால் துடைக்கிறான், அந்தக் கால் நாளைக்கு இவனையே மிதிக்கப்போகிற கால். பெரிய வியாழன் அன்று, ஆண்டவர் சீடர்கள் காலைக் கழுவினதை நினைத்து, பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்து, முன்னாலேயே சோப்புப்போட்டுக் கழுவி வந்த காலுக்குச் சாமியார் தண்ணீர் விடுவார், அதைப் பார்த்து எனக்கு ஒருநாளும் கண் கலங்கியதில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசின் காலையும் ஆண்டவர் கழுவித்தானே இருப்பார் என்று இன்றைக்குத்தான், கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, பாத்திரச் சோப்பு கையில் காய்ந்து இழுக்க, நினைத்தேன். இந்தப் படத்தை எடுத்தவன் எங்கேயாவது கான்வென்ட்டில் படித்திருப்பானோ, இல்லை, ஒன்றுமே தெரியாமல், ஒரு நல்ல மனுஷனை உண்மையாக எடுக்கப்போனால் அவன் தானாகவே அவர் சாயலில் வந்துவிடுவானோ. அது நினைக்க எவ்வளவு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கும்போதே அது வந்தது, அந்தத் தண்ணீர், படகுக்காரன் கையிலிருந்து ஒழுகுகிற தண்ணீரைப் பார்த்ததும், நாளைக்கு, செம்பு, ஊற்றினால். கதவுக்குப் பின்னால் கையை மறைத்துக்கொண்டேன். இவர் திரும்பிப் பார்த்து, வாயேன், வந்து உக்காரு, பிள்ளையக் கொஞ்சம் பிடி, காலு மரத்துப்போச்சு என்றார். கை ஈரம் என்றேன். எப்பப் பாத்தாலும் ஒனக்குக் கை ஈரம்தான், நெத்திலிக்குப் பிறந்தவளா நீ என்றார். அதற்கும் சிரித்தேன். முப்பத்து நான்கு நாளாகச் சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் சிஸ்டர் பெர்னதெத் என் கைக்குட்டையை வாங்கினார், அம்மா கஞ்சிபோட்டு மடித்துத் தந்த வெள்ளைக் கைக்குட்டை, எல்லாரும் பார்க்க அதன்மேல் பேனாவை உதறி ஒரு சொட்டு நீல மை விட்டார், இது செயலால் வந்த கறையா, சிந்தனையால் வந்த கறையா, யார் சொல்வீர்கள் என்று கேட்டார், யாரும் சொல்லவில்லை, இரண்டும் ஒரே நீலம்தான் என்று சொல்லிக் கைக்குட்டையை என்னிடம் திருப்பித் தந்தார். பூசையில் சிந்தனை, சொல், செயல் என்று வரிசையாகச் சொல்லி நெஞ்சில் தட்டுகிறோமே, முதலில் நிற்பது சிந்தனைதான். நல்லவர்தான் சிஸ்டர், எனக்குக் காய்ச்சல் என்றால் விடுதியிலிருந்து கஞ்சி கொடுத்துவிடுவார், பொய் சொல்லமாட்டார், அதனால்தான் நம்பினேன். அப்படியானால் நான் முப்பத்து நான்கு நாளாகத் தினமும் என் பிள்ளையை, எழுத வரவில்லை, அந்தச் சொல்லை எழுத வரவில்லை. இருபத்தேழாம் நாள் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், முழங்காலில் நின்றேன், தட்டிக்குப் பின்னால் சாமியார் இருமினார், சொல்லும்மா என்றார், வீட்டுக்காரரிடம் கோபப்பட்டேன் சாமி, மூன்று நாள் ஜெபமாலை சொல்லவில்லை சாமி என்றேன். வேற? வேற ஒன்றுமில்லை சாமி. கைக்குழந்தையா, பரவாயில்லை, பிள்ளையைப் பார்ப்பதே ஜெபம்தான் என்றார், அந்த மனுஷன் அவ்வளவு அன்பாகச் சொன்னார், நான் மறைத்துவிட்டேன், பெரிய பாவத்தை மறைத்துச் செய்த பாவசங்கீர்த்தனம் செல்லாது, அது தனியாக இன்னொரு பெரிய பாவம், அதோடு நன்மை வாங்கினால் அது மூன்றாவது. அதனால் ஞாயிறு பூசையில் எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது நான் பிள்ளையின் குல்லாவைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்கிறேன், இவர் மடியில் இருக்கிற பிள்ளையின் குல்லாவை. மூன்று வாரமாக அந்தக் குல்லா சரியாகவே இல்லை.

கயிறு இழுபட்டது. இல்லை, அவள்தான் உள்ளே காலை உதைக்கிறாள், இன்னும் எழவில்லை, மணி ஒன்று நாற்பது மாதிரி இருக்கிறது. கடைசிச் சண்டையை எழுதவேண்டும். மணிக்கூண்டு மேல் நடக்கிறது, கீழே ஊர் சின்னதாகத் தெரிகிறது, பல்லு பாஸ்கர் படகுக்காரனிடம் சொல்கிறான், மவனே, அந்தக் கைய அவுத்து வுட்டின்னா இந்த ஊரு, அந்த ஊரு, மலைக்கு அந்தாண்ட ஊரு, அல்லாம் உன் கால்ல வுயும், ரெண்டு பேரும் சேந்து ஆளலாம், இன்னா சொல்ற. எனக்கு வாய் திறந்துவிட்டது. உயரமான இடம், உலகத்தின் ராச்சியங்கள், ஆசை காட்டுகிறவன், ஐயோ வேதத்தில் பிசாசு ஆண்டவரைச் சோதித்தது அப்படியே, அப்படியே இருக்கிறது. மாட்டேன் என்கிறான், அடி விழுகிறது, விழுந்து எழுகிறான், மறுபடி அடி, பிறகு பாஸ்கர் ஒரு சின்னப் பெண்பிள்ளையை இழுத்துக் கூண்டின் விளிம்பில் நிறுத்துகிறான், அப்போதுதான் படகுக்காரன் பல்லால் துணியை அவிழ்க்கிறான், சுற்று சுற்றாகக் கழன்று காற்றில் போகிறது, உள்ளே கை வெளுத்து, வெயிலே படாத கை, எவ்வளவு அழகான கை, பிள்ளையைப் பிடுங்கி அப்பால் விடுகிறான், இரண்டே அடியில் பாஸ்கர் மண்டியிடுகிறான், படகுக்காரன் விரலை நீட்டிக் கையை ஓங்குகிறான், அந்தத் தொண்டைத் தட்டு, கை மேலே நிற்கிறது, நடுங்குகிறது, விளம்பரம் போட்டுவிட்டார்கள். சோப்பு, பெயிண்ட், நகைக்கடை, பிறகு பிள்ளை சோப்பு, ஒரு தாய் வெள்ளைத் தொட்டியில் பிள்ளையை வைத்துக் குளிப்பாட்டுகிறாள், தண்ணீர் முத்து முத்தாக விழுகிறது, பிள்ளை சிரிக்கிறது, தாய் சிரிக்கிறாள், அவள் கை நடுங்கவே இல்லை. ஆறு நிமிஷம் அந்த மனுஷன் எங்கேயோ கையை ஓங்கியபடி நின்றுகொண்டிருந்தான், நான் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன், மாதாவே, அடிக்காமல் இருக்கவேண்டும், மாதாவே அடிக்காமல் இருக்கவேண்டும் என்று, டப்பிங் படத்துக்கு ஜெபம் சொன்ன முதல் பரவத்தி நானாகத்தான் இருப்பேன். படம் வந்தது. கை இறங்கவில்லை. பாஸ்கர் மூக்கில் ரத்தத்தோடு கேட்கிறான், இன்னாத்துக்கு நிறுத்திகினே, என்னிய கொல்லணும்னு தோணலியா உனுக்கு? படகுக்காரன் சொல்கிறான், தோணுது நைனா. டெய்லி தோணும். உன்னிய பாத்தா தோணும், படகுல ஏர்ற சின்னப்புள்ளயப் பாத்தாக்கூட தோணும். வரும், வந்துட்டுப் போவும். கை என்கிட்ட கீது. அப்படிச் சொல்லிவிட்டு அந்த ஓங்கிய கையை விரித்து, உள்ளங்கையை, பாஸ்கரின் தலையில் வைக்கிறான், ஆயர் உறுதிபூசுதலில் பிள்ளைகள் தலையில் கை வைப்பாரே அப்படி. ச்சே, போட்டுத் தள்ளிருக்கலாம்லா என்று இவர் எரிச்சலோடு சேனலை மாற்றிவிட்டார். நான் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சின்னப்புள்ளயப் பாத்தாக்கூட தோணும். அதை எழுதினவன் யார். எந்த ஸ்டூடியோவில், எந்த டீயைக் குடித்துக்கொண்டு, எவன் அந்த வசனத்தை எழுதினானோ, அவனுக்கு எப்படித் தெரியும். அதிலிருந்து இதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன், பாலைவனத்தில் நாற்பது நாள் இருந்த ஆண்டவரைப் பிசாசு கோயில் உச்சிக்குக் கொண்டுபோய்க் கீழே குதி என்றது, அது அவர் காதில் விழுந்திருக்கும்தானே, ஒரு கண நேரமாவது அந்த உயரம் அவர் உள்ளங்காலில் கூசியிருக்கும்தானே, வராத எண்ணத்தை யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா. வந்திருக்கிறது. வந்தும் அவரிடம் பாவம் இல்லை என்கிறோம். அப்படியென்றால் நீல மை எங்கே போயிற்று சிஸ்டர், அவர் கைக்குட்டையில் ஏன் படவில்லை, சிஸ்டர் இதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை, அவருக்கே யாரும் சொல்லவில்லையோ என்னவோ. ஆனால் பிசாசுக்கும் வேதவாக்கியம் தெரியும், அதுவும் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது, எனக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக மெட்ராஸ் பாஷை பேசுகிற சீனனை நம்பிவிடுவதா. அவன் இருபது வருஷம் கையைக் கட்டிவைத்துப் பழகினவன், எனக்கு ஐம்பத்து மூன்று நாள். அவன் துணியை அவிழ்த்தான், நான் கயிற்றைக் கட்டியிருக்கிறேன். அவன் எதிரியிடம் வாயைத் திறந்து சொன்னான், தோணுது என்று சொன்னான், எனக்குச் சாமியாரிடம்கூடச் சொல்ல முடியவில்லை. அங்கேதான் முள் குத்துகிறது, மறுபடி மறுபடி அங்கேயே வந்து குத்துகிறது, அவன் கை இறங்காமல் நின்றதைவிட அவன் அதைச் சொன்னதுதான் பெரிசு, சொன்ன பிறகுதான் கை விரிந்தது, அதுவரைக்கும் நடுங்கிக்கொண்டுதானே இருந்தது. ரெண்டு பத்து. இவர் புரண்டு படுக்கிறார். சொன்னால் என்ன ஆகும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம். என்னை ஒரு பார்வை பார்க்கலாம், அந்தப் பார்வையோடு அடுத்த நாற்பது வருஷம் சோறு போடவேண்டும். சொல்லாவிட்டால் ஆறரை. பேனாவை வைக்கிறேன்.

மூன்று இருபது. இடது கையில் பிள்ளை, வலது கையில் பேனா, கோணலாகத்தான் வரும். நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். ஏங்க என்றேன். ம். ஏங்க, எந்திங்க. பிள்ள அழுதாளா? இல்ல, அழப்போறா, அதுக்குள்ள ஒண்ணு சொல்லணும். காலையில சொல்லேன்ட்டி. காலையில நான் அவளக் குளிப்பாட்ட மாட்டேன் என்றேன். சரி விடு, ஒரு நாள் குளிக்காட்டி என்ன, ஒன்னைய மாதிரி கறுத்தா போயிருவா என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார். அப்போது சொன்னேன். செம்பு, மாடி, வெங்காயக் கத்தி, எல்லாம், ஒன்றுவிடாமல், இருட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார், கைலியை இறுக்கிக்கொண்டார், விளக்கைப் போடவில்லை. எத்தன நாளா? முப்பத்தி நாலு. யார்ட்டயும் சொல்லலியா? இல்ல. கயிறு அதுக்குத்தானா என்றார், குரல் ஒருமாதிரி ஆகிவிட்டது, நான் வேற தேர் வடம்னு கேலி பண்ணிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், போய்விட்டார், அவ்வளவுதான், மனசால் போய்விட்டார் என்று நினைத்தேன். இமெல்டா என்று கூப்பிட்டார், பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். நான் நாப்பது மீட்டர் உசரத்துல உக்காந்திருப்பேன், கொக்கியில இருவது டன்னு தொங்கும், கீழ சகாயம் நின்னு கையக் காட்டுவான், ரெண்டு வருசமாத் தோணுதுட்டி, இப்ப விட்டா என்னாவும்னு. அவன் மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது, நம்ம கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் அவன். நிஜமாவா என்றேன். மாதா மேல சத்தியமா. பிறகு? பிறகென்ன, உள்ளங்கை வேர்த்துரும், இன்னும் மெதுவா இறக்குவேன், துறைமுகத்துலயே பூப்போல இறக்குறவன்னு எனக்குப் பேரு இருக்குல்லா, எதுக்குன்னு ஒரு பயலுக்கும் தெரியாது. நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, மூக்கு ஒழுகியது, அதற்குள் அவள் எழுந்துவிட்டாள், ரெண்டரைக்கு அஞ்சு நிமிஷம் முன்னாலேயே, முதலில் முனகல், பிறகு அந்த முழுக்குரல். நீங்க எடுங்க என்றேன். எடுக்க மாட்டேன், நான் இங்கதான் நிக்கேன், நீ எடு என்றார். கால் விரலில் இருந்த முடிச்சு இறுகிப்போயிருந்தது, குனிந்து அவரே அவிழ்த்தார். நடந்துபோனேன், ஆறு எட்டு வைத்தால் முடிகிற அறை, தொட்டிலுக்குள் கையை விட்டேன், அது வந்தது, வரத்தான் செய்தது, நீட்டிய இரண்டு கைக்கும் நடுவில் வந்து நின்றது, அதோடேயே அவளைத் தூக்கினேன், சூடாக இருந்தாள், தலையில் தேங்காயெண்ணெய் வாசனை, வாயைப் பிளந்துகொண்டு என் சட்டையில் முட்டினாள். பால் குடிக்கிறவளையே பார்த்துக்கொண்டு நின்றவர், நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டரம்மாட்ட போவோம், நீ இத அப்படியே சொல்லணும், வேணும்னா நானும் கூட உக்காந்து சொல்லுதேன் என்றார். சரி என்றேன். அதுக்கு முன்ன இவளக் குளிப்பாட்டிருவோம், நீ கால்ல போடு, நான் மொண்டு மொண்டு ஊத்துதேன். நீங்களா, நீங்க தண்ணிய கொதிக்கக் கொதிக்கத் தலையில ஊத்திக்கிடுற ஆளு, பச்சப்பிள்ளைக்கு எவ்வளவு சூடுன்னு உங்களுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது, சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவரும் கேட்டிருக்கிறார். நீங்க ஊத்துங்க, தண்ணிய நான் விளாவித் தாரேன் என்றேன்.